சம்பளத்தைக் குறைத்த பெயர்!
"பைத்தான்" மொழிக்குள் ஒரு விசித்திரச் சட்டம்

மறைமலை நகர் ரெயில் நிலையத்தில் மாலை 6 மணிக்குப் போய் நில்லுங்கள். ஷிப்டு முடிந்து ஆட்கள் கும்பல் கும்பலாக வருவார்கள். "குமார்!" என்று உரக்க ஒரு குரல் கொடுங்கள்.

குறைந்தது பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள்!

அதே குரலை உங்கள் வீட்டுக்குள் கொடுங்கள். ஒரே ஒரு குமார் தான் ஓடி வருவான்.

பெயர் ஒன்று தான். கூப்பிடுகிற இடம் மாறினால், வருகிற ஆளும் மாறி விடுகிறான். உங்கள் வீட்டில் "அப்பா" என்றால் ஒருவர். பக்கத்து வீட்டில் "அப்பா" என்றால் வேறு ஒருவர். இதற்காக யாரும் குழம்புவது இல்லை.

கம்ப்யூட்டரிலும் இதே கதை தான். அங்கேயும் ஒரு பெயர் எந்த இடத்தில் யாரைக் குறிக்கும் என்பதற்குச் சட்டம் உண்டு. ஆனால் ஒரு இடத்தில் மட்டும், அந்தச் சட்டம் நாம் நினைக்கிறபடி இருக்காது. அது தெரியாமல் போனால் சம்பளக் கணக்கே தப்பாகி விடும்.

எப்படி என்று பார்ப்போம்.

பெயரை மாற்றிய பெரியவர்

பெயர்களைப் பற்றிப் பேச மறைமலை நகரைப் போலப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது.

இந்த ஊர் மறைமலை அடிகளின் பெயரைத் தாங்கியது. 1876-ம் ஆண்டு பிறந்த அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேதாசலம். 1916-ல் அவர் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கினார். தன் பெயரையும் தமிழாக்கிக் கொண்டார். வேதம் என்றால் மறை. அசலம் என்றால் மலை. வேதாசலம், மறைமலை ஆனார்.

ஆள் ஒருவர். பெயர் இரண்டு! (ரெயில் நிலையத்துக்கு இன்னும் ஒரு பெயரும் சேர்ந்து இருக்கிறது. அது "மறைமலை நகர் காமராஜர்" நிலையம்.)

சென்னையின் நெரிசலைக் குறைக்க அமைத்த துணை நகரம் இது. 1990-களின் பிற்பகுதியில் இங்கே போர்டு கார் ஆலை வந்தது. 2022-ல் அதில் கார் உற்பத்தி நின்றது. ஆனாலும் ஊர் ஓய்ந்து விடவில்லை. சிங்கப்பெருமாள் கோவிலில் இருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் வரை, சாலையின் இரு பக்கமும் தொழிற்சாலைகள். அவற்றுக்குப் பாகம் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகள் வேறு.

அந்தப் பட்டறைகளிலும் இப்போது கணக்கு எழுதுவது பேரேட்டில் அல்ல. கம்ப்யூட்டரில்!

பாம்பு அல்ல!

கம்ப்யூட்டருக்கு வேலை சொல்ல ஒரு மொழி வேண்டும். அப்படிப்பட்ட மொழிகளில் ஒன்று பைத்தான்.

"பைத்தான் என்றால் மலைப்பாம்பு ஆயிற்றே!" என்பீர்கள். பாம்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த கைடோ வான் ராசம் என்பவர் 1989 டிசம்பரில், கிறிஸ்துமஸ் விடுமுறையில், பொழுது போக்காக இந்த மொழியை உருவாக்கத் தொடங்கினார். இங்கிலாந்து டெலிவிஷனில் வந்த "மாண்டி பைத்தான்" என்ற நகைச்சுவை நிகழ்ச்சியில் அவருக்கு ஒரே பிரியம். அந்தப் பெயரையே வைத்து விட்டார். 1991 பிப்ரவரியில் மொழி வெளியே வந்தது.

இன்று அது நம் வீட்டுப் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பைக்குள்ளேயே இருக்கிறது. தமிழ்நாட்டு அரசின் 12-ம் வகுப்புக் கணினி அறிவியல் பாடத்தில் 2019-ம் ஆண்டு முதல் பைத்தான் இடம் பெற்றது. அதில் "வரையெல்லை" என்று ஒரு தனிப் பாடமே இருக்கிறது. ஒரு பெயர் எது வரை செல்லுபடி ஆகும் என்பது தான் வரையெல்லை. நல்ல சொல்!

பெயரைத் தேடும் முறை

பைத்தானில் ஒரு பெயரைச் சொன்னால், கம்ப்யூட்டர் அதை நாலு இடங்களில் வரிசையாகத் தேடும்.

அறையில் இருக்கும் பையன் "அண்ணே!" என்று கூப்பிடுகிறான். முதலில் அதே அறையில் அண்ணன் இருக்கிறானா என்று பார்க்க வேண்டும். இல்லை என்றால் கூடத்தில். கூடத்திலும் இல்லை என்றால் தெருவில். அங்கேயும் இல்லை என்றால் ஊரில்.

அறை என்பது, இப்போது ஓடிக் கொண்டு இருக்கும் வேலைப் பகுதி. இதைப் "பங்ஷன்" என்பார்கள். கூடம் என்பது, அந்தப் பங்ஷனைச் சுற்றி இருக்கும் இன்னொரு பங்ஷன். தெரு என்பது, புரோகிராம் முழுவதற்கும் பொதுவான இடம். ஊர் என்பது, மொழியோடு கூடப் பிறந்த பெயர்கள் இருக்கும் இடம்.

முதலில் எங்கே கிடைக்கிறதோ, அதோடு தேடல் நின்று விடும். அறையிலும் ஒரு அண்ணன், தெருவிலும் ஒரு அண்ணன் இருந்தால், அறையில் இருப்பவன் தான் வருவான்.

இது வரை சிக்கல் இல்லை. இப்போது "கிளாஸ்" வருகிறது. பள்ளிக்கூட வகுப்பு அல்ல. பாடப் புத்தகத்தில் இதை "இனக்குழு" என்கிறார்கள்.

மறைமலை நகர்க்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. பிரஸ் ஷாப்பில் "டை" இருக்கிறது அல்லவா? ஒரு டை இருந்தால் ஆயிரம் பீஸ் அடிக்கலாம். கிளாஸ் என்பது அந்த டை. அதில் இருந்து அடித்து எடுக்கும் பீஸ் தான் "ஆப்ஜெக்ட்". "தொழிலாளி" என்று ஒரு கிளாஸ் எழுதினால், அதில் இருந்து ஐம்பது தொழிலாளிகளுக்கு ஐம்பது கணக்கு அடித்து எடுக்கலாம்.

வேலை மிச்சம். ஆனால் விவகாரமும் இங்கே தான்!

முதல் மாதச் சம்பளம்

ஒரு பட்டறையைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். அங்கே டிப்ளமோ படித்த ஒரு தம்பி வேலைக்குச் சேருகிறான். "சம்பளக் கணக்கை நான் கம்ப்யூட்டரில் போட்டுத் தருகிறேன்" என்கிறான். முதலாளிக்குச் சந்தோஷம்.

முதலில் பழகுநர்களுக்கு ஒரு கணக்கு போடுகிறான். அவர்களுக்கு மணிக்கு 60 ரூபாய். பிறகு, தேர்ந்த தொழிலாளிகளுக்குத் தனியாக ஒரு கிளாஸ் எழுதுகிறான். அவர்களுக்கு மணிக்கு 90 ரூபாய். இரண்டு இடத்திலும் "மணிக்கூலி" என்ற ஒரே பெயரை வைக்கிறான்.

அவன் எழுதியது இது:

மணிக்கூலி = 60

கிளாஸ் தொழிலாளி:
    மணிக்கூலி = 90
    டெப் சம்பளம்(செல்ப், மணி):
        ரிட்டர்ன் மணி * மணிக்கூலி

(கிளாஸ், டெப், ரிட்டர்ன் ஆகியவற்றை மெஷினில் ஆங்கில எழுத்தில் தான் அடிக்க வேண்டும். "டெப்" என்றால் இதோ ஒரு பங்ஷன் என்று பொருள். "ரிட்டர்ன்" என்றால் விடையைத் திருப்பிக் கொடு என்று பொருள்.)

பார்த்தால் என்ன தோன்றுகிறது? சம்பளம் என்ற பங்ஷன், தொழிலாளி கிளாசுக்கு உள்ளே இருக்கிறது. 90 என்ற கூலியும் அதே கிளாசுக்கு உள்ளே, தலைக்கு மேலேயே இருக்கிறது. ஆகவே அது 90-ஐத் தான் எடுக்கும் என்று தோன்றுகிறது.

அது தான் இல்லை! 60-ஐ எடுக்கும்!

8 மணி நேரத்துக்கு 720 ரூபாய் வர வேண்டும். வருவது 480. மாதம் 26 நாள் வேலை என்றால் 18,720 ரூபாய் வர வேண்டியவருக்கு 12,480 தான் வரும். 6,240 ரூபாய் குறைவு. ஒரு குடும்பத்தின் அரிசியும் பாலும் பள்ளிக்கூடச் செலவும் அதில் போய் விடும்.

"என்ன தம்பி, சம்பளத்தில் மூணில் ஒரு பங்கைக் காணோமே?"

"மெஷின் போட்ட கணக்கு அண்ணே! அதில் தப்பு வராதே!"

மெஷின் எந்த எச்சரிக்கையும் கொடுத்து இருக்காது. ஏனென்றால், அதன் சட்டப்படி தவறே நடக்கவில்லை.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. பழகுநர் கூலியை மேலே எழுதாமலே இருந்து இருந்தால், இந்தத் தொல்லை அன்றைக்கே தெரிந்து இருக்கும். "மணிக்கூலியா? அப்படி ஒரு பெயரே இல்லை" என்று கம்ப்யூட்டர் வேலையை நிறுத்தி இருக்கும். அதன் பெயர் "நேம் எர்ரர்". சத்தம் போட்டு நிற்கிற தப்பு நல்ல தப்பு. சிரித்துக் கொண்டே தவறான விடை கொடுக்கிற தப்பு தான் பொல்லாதது.

கண்ணுக்குத் தெரியாத கூடம்

ஏன் 60?

கிளாஸ் என்பது மற்றக் கூடங்களைப் போன்ற கூடம் அல்ல. அதற்குள் இருக்கும் பங்ஷன் ஒரு பெயரைத் தேடும் போது, தன் அறையில் பார்க்கும். அங்கே இல்லை என்றால் கிளாஸ் என்ற கூடத்தைத் தாண்டி, நேராகத் தெருவுக்குப் போய் விடும். கூடத்தில் என்ன இருக்கிறது என்று திரும்பியும் பார்க்காது!

கிளாசைப் பதிவேடு என்று நினைத்துக் கொள்வது நல்லது. கம்ப்யூட்டர் கிளாசின் வரிகளைப் படிக்கும் போது, மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகச் செய்து கொண்டே போகிறது. "மணிக்கூலி 90" என்றால் பதிவேட்டில் குறித்துக் கொள்கிறது. "சம்பளம் என்று ஒரு பங்ஷன்" என்றால் அதையும் குறித்துக் கொள்கிறது. கடைசி வரி முடிந்ததும் பதிவேட்டை மூடி அலமாரியில் வைத்து விடுகிறது.

பங்ஷன் வேலை செய்வது அதற்குப் பிறகு. அப்போது பதிவேடு மூடி இருக்கிறது. அதில் உள்ளது வேண்டும் என்றால், "இன்ன பதிவேட்டில் உள்ள மணிக்கூலி" என்று கேட்டு வாங்க வேண்டும்.

கேட்பது எப்படி? ஒரு புள்ளி வைத்து! "செல்ப்.மணிக்கூலி" என்று எழுத வேண்டும். செல்ப் என்றால் "தன்னுடைய" என்று வைத்துக் கொள்ளுங்கள். "தொழிலாளி.மணிக்கூலி" என்று கிளாசின் பெயரைச் சொல்லியும் கேட்கலாம்.

ஜாவா, சி பிளஸ் பிளஸ் போன்ற மொழிகளில் இந்தக் கண்டிப்பு இல்லை. கிளாசில் உள்ள பெயரை அதன் பங்ஷன் நேரடியாகச் சொல்லலாம். அவற்றை முதலில் படித்து விட்டுப் பைத்தானுக்கு வருகிறவர்கள் தான் பெரும்பாலும் இந்தக் குழியில் விழுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

எதற்காக இப்படி?

"இது என்ன அநியாயம்? கூடத்தில் இருப்பதைக் கொடுத்தால் என்ன குறைந்து விடும்?" என்று நீங்கள் கேட்கலாம்.

பைத்தானின் ஆரம்ப காலத்தில் கூடம் என்பதே கிடையாது. அறை, தெரு, ஊர், மூன்றே இடம் தான். பங்ஷனுக்குள் இருக்கும் பங்ஷன், வெளிப் பங்ஷனின் பெயரைப் பார்க்க முடியாது. இது பெரிய தொல்லையாக இருந்தது. ஜெரமி ஹில்டன் என்பவர் இதற்கு மாற்றம் எழுதினார். 2001 ஏப்ரலில் வெளியான 2.1 பதிப்பில், விரும்பினால் பயன்படுத்தலாம் என்று கொடுத்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் வந்த 2.2 பதிப்பில் அதுவே சட்டம் ஆகி விட்டது.

அப்போதே கிளாசுக்கு மட்டும் விலக்கு வைத்தார்கள். மறதியால் அல்ல. வேண்டும் என்றே!

அதன் நியாயத்தைப் பாருங்கள். பைத்தானோடு பிறந்த பெயர்களில் "பிரிண்ட்" ஒன்று. திரையில் எழுதிக் காட்டும் வேலை அதற்கு. நம் தம்பி, சம்பளச் சீட்டை அச்சடிக்கத் தன் கிளாசுக்குள் "பிரிண்ட்" என்று ஒரு பங்ஷன் எழுதுகிறான். அதே கிளாசின் வேறு பங்ஷன், திரையில் ஒரு வரி காட்டலாம் என்று "பிரிண்ட்" என்கிறது. கூடத்துப் பெயர் தெரியும் என்று இருந்தால் என்ன ஆகும்? ஊருக்குப் பொதுவான பிரிண்ட் வராது. சம்பளச் சீட்டு பிரிண்ட் வந்து நிற்கும்!

இன்னொரு லாபமும் உண்டு. தொழிலாளி கிளாசில் இருந்து "மேஸ்திரி" என்று ஒரு கிளை கிளாஸ் எழுதி, அதில் மணிக்கூலி 120 என்று மட்டும் குறித்தால் போதும். செல்ப் என்று கேட்பதால், மேஸ்திரிக்குக் கணக்கு போடும் போது மேஸ்திரியின் பதிவேட்டை முதலில் பார்க்கும். 120 வரும். சம்பளப் பங்ஷனைத் திரும்ப எழுத வேண்டியது இல்லை.

சட்டம் கண்டிப்பானது தான். ஆனால் குருட்டுச் சட்டம் அல்ல என்பது என் எண்ணம்.

ஆனால், கிளாசில் நேரடியாக எழுதும் வரிகளுக்கு இந்தத் தடை கிடையாது. கிளாசுக்குள் "மணிக்கூலி = மணிக்கூலி + 30" என்று எழுதிப் பாருங்கள். வலது பக்கத்து மணிக்கூலிக்குத் தெருவில் உள்ள 60-ஐ எடுக்கும். 30-ஐக் கூட்டும். 90 என்று பதிவேட்டில் எழுதும். இதே வரியைப் பங்ஷனுக்குள் எழுதினால் முரண்டு பிடிக்கும். "இந்த அறையில் மணிக்கூலி உண்டு என்கிறாய், இன்னும் மதிப்பே கொடுக்கவில்லையே!" என்று நின்று விடும்.

இரண்டாவது மாதம்

தம்பி, செல்ப் போட்டுத் திருத்தி விட்டான். எல்லோருக்கும் பாக்கி வந்து சேர்ந்தது என்று வைத்துக் கொள்வோம்.

இரண்டாவது மாதம் ஓ.டி. கணக்கு. ஓ.டி.க்கு இரட்டைக் கூலி, மணிக்கு 180 ரூபாய். ஒவ்வொருவரும் எத்தனை மணி நேரம் கூடுதலாக வேலை பார்த்தார் என்று எழுதி வைக்க ஒரு பட்டியல் வேண்டும். தம்பி அதைக் கிளாசுக்குள், மணிக்கூலிக்குக் கீழே, வெறும் பட்டியலாக வைக்கிறான்.

முதல் ஆள் 2 மணி. இரண்டாவது ஆள் 3 மணி. மூன்றாவது ஆள் 4 மணி. கணக்கைப் பார்த்தால் மூன்று பேருக்கும் 9 மணி!

1,620 ரூபாய் கொடுக்க வேண்டிய இடத்தில் 4,860 ரூபாய். இந்தத் தடவை தொழிலாளிகள் வாய் திறக்கவில்லை. முதலாளி தான் தலையில் கை வைத்துக் கொண்டார்!

என்ன நடந்தது? கிளாசில் வைத்த பட்டியல் ஒன்றே ஒன்று தான். மூன்று பேருக்கும் அது பொது உண்டியல். "செல்ப்.ஓடி" என்று கேட்டுத் தான் போட்டான். ஆனால் அந்த ஆளிடம் சொந்தப் பட்டியல் இல்லை. ஆகவே கம்ப்யூட்டர் கிளாசின் பட்டியலைக் காட்டியது. எல்லோரும் ஒரே உண்டியலில் போட்டார்கள்.

இதற்கு மருந்து, ஆளுக்கு ஒரு உண்டியல். ஒவ்வொரு ஆப்ஜெக்ட் பிறக்கும் போதும் தானாக ஓடும் ஒரு பங்ஷன் இருக்கிறது. அதன் பெயர் "இனிட்". பெயருக்கு முன்னும் பின்னும் இரண்டு இரண்டு அடிக்கோடு போட வேண்டும். அதற்குள் "செல்ப்.ஓடி" என்று ஒரு வெறும் பட்டியலை வைத்தால், பிறக்கிற ஒவ்வொரு தொழிலாளியும் தன் சொந்த உண்டியலோடு பிறப்பார்.

அப்படியானால் மணிக்கூலியில் ஏன் இந்தத் தொல்லை இல்லை? அதில் யாரும் எதையும் போடுவது இல்லை, எல்லோரும் பார்க்கிறார்கள், அவ்வளவு தான். ஒருவருக்கு மட்டும் "செல்ப்.மணிக்கூலி = 100" என்று எழுதினாலும் பொதுக் கூலி மாறாது. அந்த ஆளின் பெயரில் தனிச் சீட்டு ஒன்று உண்டாகும். பொதுச் சீட்டை அது மறைத்துக் கொள்ளும். உண்டியலுக்குள் போடுவது வேறு, புதுச் சீட்டு எழுதுவது வேறு.

அனுபவசாலிகளையும் மடக்குகிற கண்ணி ஒன்று இன்னும் இருக்கிறது. ஒரு பட்டியலில் இருந்து இன்னொரு பட்டியலை ஒரே வரியில் செய்யும் வசதி பைத்தானில் உண்டு. 2008 டிசம்பரில் வந்த 3.0 பதிப்பில் இருந்து, அந்த ஒரு வரியும் தனி அறை ஆகி விட்டது. ஆகவே கிளாசுக்குள் அதை எழுதினால், எந்தப் பட்டியலில் இருந்து எடுக்கிறோமோ அது மட்டும் தெரியும். பக்கத்தில் எழுதி வைத்த மற்றக் கிளாஸ் பெயர்கள் தெரியாது. தெரிந்து கொண்டால் போதும். பயப்பட வேண்டாம்.

தமிழில் பெயர் வைக்கலாமா?

"மணிக்கூலி, தொழிலாளி என்று தமிழில் எழுதினீர்களே, மெஷின் ஒப்புக் கொள்ளுமா?"

தாராளமாக! அதே 3.0 பதிப்பில் இருந்து, பெயர்களை உலகின் மற்ற எழுத்துகளிலும் வைக்கலாம் என்று அனுமதித்து விட்டார்கள். தமிழ் எழுத்து, புள்ளி, கொம்பு, கால் எல்லாம் செல்லும். "செல்ப்" என்பது கூடக் கட்டாயம் இல்லை. அது வழக்கம் தான். அந்த இடத்தில் "தான்" என்று எழுதினாலும் கணக்கு சரியாகவே வரும்.

முழுக்க முழுக்கத் தமிழ்ச் சொற்களால் எழுதும் கம்ப்யூட்டர் மொழியும் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் "எழில்". முத்தையா அண்ணாமலை என்ற தமிழர் அதை உருவாக்கினார். அதையும் பைத்தானைக் கொண்டு தான் கட்டி இருக்கிறார்.

பைத்தானுக்குக் காசு கிடையாது. இலவசமாக எடுத்துக் கொள்ளலாம். 12-ம் வகுப்பில் கணினி அறிவியல் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், இன்று சாப்பாட்டுக்குப் பிறகு இந்தக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள்:

தொழிலாளி கிளாசில் மணிக்கூலி 90. அதில் இருந்து முருகன், பீட்டர் என்று இரண்டு ஆட்களைச் செய்தோம். பிறகு "முருகன்.மணிக்கூலி = 100" என்று எழுதினோம். அதற்குப் பிறகு "தொழிலாளி.மணிக்கூலி = 95" என்று எழுதினோம். இப்போது யாருக்கு எவ்வளவு?

விடை: முருகனுக்கு 100. பீட்டருக்கு 95.